ஆலையின் நஞ்சைச் சுமக்க ஊரார் வரி கட்டுவதா?

நகரத்தின் கழிவுநீர்க் குழாய் யாருடைய சொத்து? வரி கட்டும் குடிமக்களின் சொத்து. அவர்கள் வீட்டுச் சமையலறை நீரையும் மலசலகூட நீரையும் கொண்டு செல்வதற்கென அவர்களின் பணத்திலே பதிக்கப்பட்ட பொதுச் சொத்து. அதனைத் தமது நச்சுக் குழியாக்கிக் கொள்ளும் உரிமையை ஆலை முதலாளிமாருக்கு வழங்கியவர் யார்? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

“எல்லாம் கழிவுநீர்தானே, சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும்” என்று சமாதானம் கூறுவோர் உளர். அவர்கள் ஒன்றில் அறியாதவர்கள்; அன்றேல் அறிந்தும் மறைப்பவர்கள். அந்த நிலையத்தின் மெய்யான தொழிலாளர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. வீட்டுக் கழிவை உண்டு நீரைத் தெளிய வைப்பவை அவை. தோல் பதனிடும் ஆலையின் குரோமியத்தையும், உலோக முலாம் பூசும் சாலையின் சயனைட்டையும் அவற்றின் தலையிற் கொட்டினால் அவை மடியும். பின்னர் ஆலையின் நஞ்சோடு நகரத்தின் மலமும் சுத்தமாகாமலே ஆற்றிலும் கடலிலும் போய் விழும்.

உலோகங்களோ அழிவதேயில்லை. ஒரு பங்கு நீரோடு போகும். மறு பங்கு அடியிற் படியும் சேற்றிலே தங்கும். அந்தச் சேறு பல நாடுகளில் வயலுக்கு உரமாகிறது. கமக்காரப் பெருமக்களே, இது பட்டணத்தார் வழக்கென்று வாளாவிருந்து விடாதீர்கள்! சேற்றிலுள்ள கட்மியம் மண்ணிலே தங்கிப் பயிரில் ஏறி, உண்பவரின் சிறுநீரகத்திற் குடிபுகும். நீர் கலந்தால் நஞ்சின் செறிவு குறையலாம். நஞ்சின் அளவு ஒரு குன்றிமணியும் குறைவதில்லை.

இவ்வுண்மையை உணர்ந்தே அமெரிக்கா 1978ஆம் ஆண்டில் விதி செய்தது. தீப்பற்றும் பொருள், குழாயை அரிக்கும் அமிலம், குழாயை அடைக்கும் திண்மம் ஆகியவற்றைப் பொதுக் குழாயில் விடுதல் ஆகாதென்றது. ஆயினும் 1981 பெப்ரவரி 13ஆம் நாள் லூயிவில் நகரில் நடந்ததென்ன? சோயா ஆலை ஒன்றின் எக்சேன் கரைப்பான் கழிவுநீர்க் குழாயினுட் கசிந்தது. கார் ஒன்றின் தீப்பொறி போதியதாயிற்று. இரண்டு மைலுக்கு மேற்பட்ட தெருக்கள் வெடித்துப் பிளந்தன. காவலில்லாத சட்டம் வேலியில்லாத தோட்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

“கட்டுப்பாடு விதித்தால் கைத்தொழில் ஓடிவிடும்” என்பது முதலாளிமாரின் பழைய பல்லவி. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தையும், அதன் பின் எழுந்த பியகம வலயத்தையும் பாருங்கள். ஆலைகள் வகுத்த அளவுக்குத் தம் கழிவுநீரைத் திருத்திய பின்னரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டுமென்பது அங்கே விதி. அந்நிய மூலதனம் அஞ்சி ஓடிற்றா? வலயத்துள்ளே நியாயமானது வலயத்துக்கு வெளியே அநியாயமாவது எப்படி?

நம் குடாநாட்டின் நிலையோ இன்னும் நுட்பமானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் கீழே தேங்கும் மழைநீரே நம் குடிநீர். அதுவே நம் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் உயிர். சுன்னாகத்திலே மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. மாசு செய்தவரே பணம் செலுத்த வேண்டும் என்ற நீதி நிலைநாட்டப்பட்டது. மகிழ்கிறோம். ஆனால், கெட்ட கிணற்றை எந்தத் தீர்ப்புத் திருப்பித் தரும்? அங்கே நஞ்சு நிலத்தின் வழி வந்தது. நாளை குழாயின் வெடிப்பு வழி வரலாம். வாசலிலே தடுக்காத நஞ்சை வழியிலே தடுக்க முடியாது என்பதே பாடம்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று: தன் கழிவுநீரைத் தன் வளவுக்குள்ளேயே திருத்தாத எந்த ஆலைக்கும் பொதுக் குழாயில் இணைப்பு இல்லை. இரண்டு: ஆலை மதிலுக்கு வெளியே, தெருவோரத்தில், அதிகாரி எந்நேரமும் திறந்து மாதிரி எடுக்கத்தக்க ஆய்வுக் குழி, பரிசோதனை முடிவு ஊரார் வாசிக்க நகரசபைப் பலகையிலே. மூன்று: கழிவின் சுமைக்கேற்ற கட்டணம், மீண்டும் மீண்டும் விதியை மீறினால் இணைப்பைத் துண்டித்தல். அற்பக் குற்றப்பணம் முதலாளிக்குத் தண்டனையன்று. அது அவருடைய செலவுக் கணக்கில் இன்னொரு வரி.

பொறியியலாளரே, வைத்தியரே, சட்டத்தரணிகளே! வடக்கின் நகரங்களிலே குழாய் பதிக்கப்படும் காலம் வரத்தான் போகிறது. குழாய்க்கு முன்னே விதி வரவேண்டும். விதியோடு காவலும் வரவேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவு. பின்னர் அழுவதற்குக் கண்ணீர் இருக்கலாம்; குடிப்பதற்குத் தண்ணீர் இராது!