கிணறு உவராகுமுன் விழித்தெழுவோம்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கின்றது. எமது முன்னோர் குடித்ததும் தோட்டத்துக்கு இறைத்ததும் அந்த நன்னீரையே. மழை தரும் அளவை மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை அகன்றது. பட்டி அடைத்தும் பூவரசங்குழை தாழ்த்தும் வளமூட்டிய மண்ணில் யூரியா கொட்டப்பட்டது. பயிர் உண்டது போக எஞ்சும் நைத்திரேற்று, நீரோடு கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். செறிவாகப் பயிரிடப்படும் பகுதிகளில் பல கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. அந்நீரில் கரைத்த புட்டிப்பால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது.

அப்படியாயின் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்திவிடலாமா? 2021இல் இலங்கை அரசு அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. போதிய மாற்றுப் பசளையோ பயிற்சியோ இன்றித் தவித்த விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் அப்போகத்து நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நிலைத்த வேளாண்மை அரச ஆணையால் ஓரிரவில் வருவதன்று; மண்ணைப் படிப்படியாக மீட்பதால் வருவது.

இதில் எமக்கும் பங்குண்டு. காணிகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வரும் பணத்தை மட்டும் எண்ணுகின்றோம். ஓராண்டுக் குத்தகைக்காரர் அம்மண்ணின் பத்தாண்டு நலனை ஏன் நினைக்க வேண்டும்? நானும் இத்தவற்றைச் செய்தவனே. கடைசியாக ஊர் சென்றபோது, அம்மம்மா வீட்டுக் கிணற்று நீரில் போட்ட தேநீர் கரித்தது. அதன் பின்னரே குத்தகையை ஐந்தாண்டாக்கித் தொகையைக் குறைத்தேன். கூட்டெருவும் தூவல் நீர்ப்பாசனமும் நிபந்தனையாயின. செலவில் பாதியை நான் ஏற்றேன்.

பெற்றோரே, கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு ஊர்க்குளத்தைத் தூர்வாரவும் செல்லட்டும். இளையோரே, விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் கிணற்று நீரையும் தோட்டத்து மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ஊர் திரும்பும் கனவு எம்மில் பலருக்கு உண்டு. குடிக்க நீரில்லாத ஊருக்குத் திரும்புவது எங்ஙனம்?