பெற்றோல் கிடைக்கிற காலத்தில்தான் சிக்கனம் பற்றிப் பேசவேணும்

பெற்றோலைக் கொஞ்சம் சிக்கனமாகப் பாவிப்போம் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் உடனே வருகிற பதில் இதுதான்: "அதுதான் இப்ப செட்டில தாராளமா அடிக்கலாமே, பிறகென்ன?" அடிக்கலாம்தான். கியூஆர் பங்கீட்டையும் 2023 செப்டெம்பர் 1ஆம் திகதியோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்களைக் கேட்டால், கிடைக்கிற காலத்தில்தான் சிக்கனத்தைப் பற்றிப் பேசவேணும். இல்லாத காலத்தில் குறைத்துப் பாவிக்கிறதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, தண்டனை.

அந்தத் தண்டனை எங்கட ஊருக்குப் புதிதில்லை. 1990இல் போர் திரும்பவும் தொடங்கிய பிறகு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் அடக்கம். மண்ணெண்ணெய்கூட யானை விலை. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் எங்கட மாமாமார்தான். பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களும் அப்படித்தான் ஓடின. நோயாளி, விறகு மூட்டை, இடம்பெயர்ந்த வீட்டுச் சாமான் எல்லாம் சைக்கிளில் போயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள்.

இந்தக் கதைகளைப் பெருமையாகச் சொல்லுகிறதில் எங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. "அந்தக் காலத்தில நாங்கள் பெற்றோல் இல்லாமலே வாழ்ந்தனாங்கள்" என்பது உண்மைதான். ஆனால் வேறு வழி இல்லாமல் வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதவர்களின் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

2022இல் வந்தது வேறு மாதிரி. போர் இல்லை, தடை இல்லை, நாட்டின் கையில் டொலர் இல்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபா. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கமே அறிவித்தது. பிறகு கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்.

அந்த நாட்களில் எங்களில் கனபேருக்கு நின்றுபோனது ரியூசனும் ஊர் சுற்றுகிறதும்தான். தோட்டக்காரருக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் நின்றது சோறு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. உரும்பிராயிலும் இணுவிலிலும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி கிணற்றிலிருந்துதான் வரவேணும், அதை இறைக்கிற கனக்க மெசின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. குருநகரிலும் மயிலிட்டியிலும் சின்னப் படகுகளின் எஞ்சினுக்கும் அதே மண்ணெண்ணெய்தான். 2022 ஓகஸ்டில் அதன் விலை ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேறு வேறுதானே என்று கேட்கலாம். இரண்டும் கப்பலில் வருகிறவை, இரண்டுக்கும் ஒரே டொலர்தான் போகிறது. அந்த டொலரில் ஒரு பங்கு எங்கட அண்ணாமாரும் அக்காமாரும் வெளிநாட்டில் குளிருக்குள் உழைத்து அனுப்புகிற காசு.

இனி ஒரு சின்னக் கணக்கு. கொக்குவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு, நல்லூரடிக்கு, கடைக்கு என்று ஒரு நாளைக்கு 6 கிலோமீற்றர் சும்மா ஓடுகிறோம் என்று வையுங்கோ. மாதத்துக்கு 180 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்றால் 4 லீற்றர். 2022இல் ஒரு கிழமைப் பங்கு முழுவதும் அது. இந்த ஓட்டங்களில் பாதியைச் சைக்கிளில் போகலாம். ஏற்றம் இறக்கம் இல்லாத இந்த ஊரைவிடச் சைக்கிளுக்குத் தோதான இடம் இலங்கையில் வேறு எங்கே இருக்கிறது? மிச்ச ஓட்டத்துக்கு ரயர் காற்றை ஒழுங்காகப் பார்த்து, முறுக்காமல் ஓடி, சந்தியில் கதைத்துக்கொண்டு நிற்கும்போது எஞ்சினை நிற்பாட்டினாலே போதும்.

"பெரிய வாகனத்தில போறவனுக்குச் சொல்லாமல் எங்களுக்கு ஏன் புத்தி சொல்லுறியள்?" நியாயமான கேள்வி. ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவரிடமோ, இரவு வேலை முடிந்து வருகிற பிள்ளையிடமோ போய் நாங்கள் சிக்கனம் பேசவில்லை. பஸ் இரண்டு போட்டிபோட்டு ஒன்றாக ஓடிவிட்டு, பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றுமே வராத வீதியில் நிற்கிறவரிடமும் பேசமுடியாது. பஸ்ஸுக்குள் பெண்பிள்ளைகள் படுகிற தொல்லையும் தெரியும். அதனால்தான் ஒழுங்கான பஸ் நேர அட்டவணையையும் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பாதையையும் மாநகரசபையிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்கவேணும் என்கிறோம். 1973 எண்ணெய் நெருக்கடியில் நெதர்லாந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டது. நெருக்கடி போன பிறகும் அங்கே சனம் பாதுகாப்பான வீதி கேட்டுப் போராடியது, சைக்கிள் பாதைகள் வந்தன. எங்களுக்கு 2022 முடிந்ததும், தூசு தட்டி எடுத்த சைக்கிள்கள் திரும்பவும் கொட்டிலுக்குள் போய்விட்டன.

கேட்கிறவர்கள் பாவிக்கிறவர்களாகவும் இருக்கவேணும். வீதியில் பத்துச் சைக்கிள்கூட ஓடாத ஊருக்கு ஒருவரும் சைக்கிள் பாதை போடமாட்டார்கள். அடுத்த தட்டுப்பாடு எப்ப வரும் என்பது எங்கட கையில் இல்லை. அது வரும்போது தோட்டத்து மெசினுக்கும் படகுக்கும் அம்புலன்ஸுக்கும் போட்டியாக நாங்களும் வரிசையில் நிற்பதா என்பது எங்கட கையில்தான் இருக்கிறது. இந்தக் கிழமை கொட்டிலுக்குள் கிடக்கிற சைக்கிளுக்கு காற்றடித்து வையுங்கோ.