விண்வெளியில் ஒரு கன்னட வாழ்த்து

1977-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அமெரிக்கா ஏவிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய தாமிர இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. என்றைக்காவது வேற்றுலகத்தவர் கைக்கு அது கிடைத்தால், பூமியில் மனிதர் வாழ்ந்தனர் என்று அவர்கள் அறியட்டும் என்பது நோக்கம். அதில் 55 மொழிகளில் வாழ்த்து பதிவாகியிருக்கிறது. கன்னட மக்களின் சார்பில் நல்வாழ்த்துக் கூறும் குரலும் அவற்றில் ஒன்று. தெலுங்கு உண்டு, சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை.

மைசூரின் ரயில்வே பணிமனையிலும், நஞ்சன்கூடு ஆலைகளிலும், அலுவலகங்களிலும் உழைக்கும் தமிழருக்கு இச்செய்தி உறுத்தலாம். ஆனால் இதில் சதி எதுவும் இல்லை. கார்ல் சாகன் தலைமையிலான குழுவினர், குறுகிய காலத்தில், பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் கிடைத்தவர்களைக் கொண்டே வாழ்த்துகளைப் பதிவு செய்தனர். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி விடுபட்டது குறைதான். மறுமுறை இத்தகைய முயற்சி நடந்தால் தமிழுக்கும் இடம் கேட்பது நியாயமே. அதற்காகக் கன்னடத்தின் மீது பொறாமை கொள்வது நியாயமாகாது.

வாழ்த்தைக் கேட்க அங்கே யாரேனும் உண்டா என்பதே பெரிய கேள்வி. வாயேஜர்-1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஒளி அங்கே போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேலாகும். இன்னொரு விண்மீனின் பக்கமாக அது கடந்து செல்ல ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பிடிக்கும்.

நமது பால்வெளி மண்டலத்தில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கிரகம் 1995-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2025-க்குள் அத்தகைய வெளிக்கிரகங்களின் எண்ணிக்கை 6,000-ஐ எட்டிவிட்டது. இவ்வளவிருந்தும் உயிர் இருப்பதற்கு ஒரு சான்றும் உறுதிப்படவில்லை. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கிரகத்தில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயு ஒன்றின் சாயல் தெரிவதாக இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு 2025 ஏப்ரலில் அறிவித்தது. அச்சான்று போதாது என்று பிற விஞ்ஞானிகள் உடனே வாதிட்டனர். விஞ்ஞானம் வளரும் முறை அதுதான். ஆசைப்பட்டதை அல்ல, மெய்ப்பித்ததையே அது ஏற்கும்.

வேற்றுலகில் உயிர் இருந்தால், அவர்களுக்கு முன் மைசூர்த் தமிழரும் கன்னடரும் ஒரே ஊரார். இல்லையென்றால், இப்பேரண்டத்தில் மனிதனுக்கு மனிதனைத் தவிர வேறு துணை இல்லை. விடை எதுவானாலும், காவிரித் தண்ணீரின் பேரால் கல்லெறிவதற்கு அதில் இடமில்லை. 1991-ஆம் ஆண்டின் கலவரத்தை அனுபவித்த குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்துறை பிள்ளைகளுக்கு எட்டாததுமல்ல. மைசூரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் உள்ள ஊட்டியை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970-இல் எழுப்பப்பட்டது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மைசூரிலேயே, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் காஸ்மாஸ் கோளரங்கத்துக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கு கன்னடத்துக்கு முதலிடம் தருவதே முறை. வாரம் ஒரு காட்சியைத் தமிழிலும் நடத்தினால், தொழிலாளர் குடும்பங்கள் நன்றியுடன் வரவேற்கும்.

வாழ்த்துத் தட்டில் தமிழ் விடுபட்டிருக்கலாம். நாளை வானத்தை ஆராய்வோர் பட்டியலில் மைசூர்த் தமிழ்ப் பிள்ளையின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் கையில் இருக்கிறது.