வாளி வைத்தால் போதுமா?

வாசற்கதவின் அழகில் நாம் செலுத்தும் கவனத்தில் கால் பங்கைக்கூட அடுக்களைத் தொட்டியின் அடிப்புறத்திற்குச் செலுத்துவதில்லை. விருந்தினர் கண்ணில் படாத இடமல்லவா அது! அங்கே கழிவுநீர்க் குழாய் கசியத் தொடங்கினால், நாம் முதலில் தேடுவது பிளம்பரை அன்று. பழைய வாளி ஒன்றைத்தான். வாளியை வைத்ததும் தரை காய்ந்துவிடுகிறது. “ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். ஞாயிறுகள் பல கழிந்த பின், “கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது சேர்த்துச் செய்துவிடலாம்” என்கிறோம். வாடகை வீடாயின், வீட்டுக்காரர் செய்யட்டும் என்று நாமும், குடியிருப்பவர் செய்யட்டும் என்று அவரும் காத்திருக்கிறோம்.

ஆனால் கசிவு நமக்காகக் காத்திருப்பதில்லை. கான்கிரீட்டினுள் இறங்கும் ஈரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் காரை வெடித்து உதிர்கிறது. இருட்டும் ஈரமும் சேர்ந்த மூலையைக் கரப்பான் பூச்சிகள் தம் இருப்பிடமாக்கிக்கொள்கின்றன. இவை யாவற்றினும் கொடியது, வாளி நிரம்பி வழியும் நாளில் தரையில் படரும் எண்ணெயும் சோப்பும் கலந்த நீர். விடியற்காலையில் காப்பி போட வரும் வயது முதிர்ந்த தாய் அதில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டால், அதற்கு நாம் கொடுக்கும் விலை ஒரு ரப்பர் வாஷரின் விலையோடு ஒப்பிடத்தக்கதா?

பழுதைக் கண்டறிவது கடினமன்று. தொட்டியின் அடிப்புறத்தையும் குழாயையும் துணியால் நன்கு துடைத்து உலர்த்தி, கீழே செய்தித்தாளை விரிக்க வேண்டும். தொட்டியின் வாயை அடைத்து நீர் நிரப்பிச் சிறிது நேரம் பார்க்க வேண்டும். நீர் தேங்கி நிற்கும்போதே சொட்டினால், பழுது தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டுள்ள கப்ளிங்கிலோ அதன் வாஷரிலோ இருக்கிறது. அடைப்பை எடுத்து நீரை விடும்போது மட்டும் சொட்டினால், அதற்குக் கீழேயுள்ள இணைப்பிலோ குழாயின் மடிப்பிலோ இருக்கிறது. குழாய் தரைக்குள் நுழையும் இடத்தில் நீர் பொங்கி வந்தால், அது கசிவன்று; அப்பால் எங்கோ அடைப்பு என்று கொள்ள வேண்டும்.

இத்தகைய இணைப்புகளில் நீரைத் தடுப்பது உள்ளிருக்கும் வாஷரே, நட்டின் மரையன்று. ஆகவே, நட்டை மேலும் மேலும் இறுக்குவதால் பயனில்லை. பிளாஸ்டிக் நட்டு வெடிக்கவும் கூடும். பழைய வாஷரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் புதியது வாங்கிப் பொருத்தி, கையால் இறுக்கியபின் சற்றே ஒரு திருகு திருகினால் போதும். மடிப்பில் வெடித்த குழாயை மாற்றிவிடுவதே முறை. ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள இடத்தில் பூசும் பசை நெடுநாள் நிற்பதில்லை.

புதுக்குழாய் பொருத்துகையில் அதன் வளைவை நீக்கிவிடலாகாது. அவ்வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே சாக்கடை நாற்றம் வீட்டினுள் ஏறாதவாறு தடுக்கிறது. 1775ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் கழிப்பறைக்கென இத்தகைய வளைவு ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் வீடுகளைக் காப்பது அதே எளிய உத்திதான்.

இனிக் கசிவு வராமல் காக்கும் வழி யாது? கொதிக்கும் வடிகஞ்சியை நேரே தொட்டியில் கொட்டலாகாது. சாதாரண பி.வி.சி. குழாய் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற்கு ஏற்றதன்று. கஞ்சியை ஆறவிட்டுச் செடிக்கோ மாட்டுக்கோ அளிக்கலாம். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பின் கழுவினால் குழாயில் பிசுக்குப் படியாது.

இவ்வளவு எளிய வேலையை நாம் ஏன் தள்ளிப்போடுகிறோம்? தள்ளிப்போடுபவர் ஒருவர், அதன் பாரத்தைச் சுமப்பவர் மற்றொருவர் என்பதே காரணம். நாளுக்கு மூன்று முறை குனிந்து அந்த வாளியை எடுத்துக் கொட்டுபவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. அவர் வாய் திறந்து முறையிடாததால், பழுது சிறியது என்று ஏனையோர் எண்ணிக்கொள்கின்றனர்.

ஆகவே, நம் இல்லங்களில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்பவர் எவரோ, வேலை முடியும் வரை வாளியைக் கொட்டும் பொறுப்பும் அவருடையதே ஆகட்டும். பிளம்பர் அந்த வாரத்திலேயே வந்து சேர்வார் என்பதில் ஐயமில்லை.