அலபாமாவின் பருத்தி வயலில் ஒரு சங்கம்

பொருளாதார நெருக்கடி முற்றினால் உழைப்பாளி மக்கள் தாமாகவே இடதுபக்கம் திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை தோழர்கள் பலரிடம் இன்னும் இருக்கிறது. பெருமந்த காலத்து அமெரிக்காவின் அலபாமா மாநிலம் அதற்குச் சான்று தரவில்லை. பசி அங்கே மக்களைத் திரட்டிவிடவில்லை; பசியை ஒட்டிய சில்லறைக் கோரிக்கைகளைக் கையிலெடுத்த ஒரு சங்கமே திரட்டியது. அந்தச் சங்கத்தைப் பின்னர் கட்சியே கலைத்தது என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

1929இல் ராத்தல் ஒன்றுக்கு ஏறக்குறைய 17 சென்ட் விற்ற பருத்தி, இரண்டே ஆண்டுகளில் 6 சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியின் பாரம் வாரக்குத்தகை விவசாயியின் தலையில் இறங்கியது. நிலம், கோவேறு கழுதை, விதை அனைத்தும் நிலவுடைமையாளருடையவை. விளைச்சலில் பாதியும் அவருக்கே. அறுவடை வரை உண்ணும் மாவும் உப்பிட்ட இறைச்சியும் கடன். கணக்கு நோட்டு அவர் கையில்; எழுத்தறியாதவர் எதிர்த்துக் கேட்கும் வழி இல்லை. வாக்குச்சீட்டும் இல்லை. 1901ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டம் எழுத்தறிவுத் தேர்வோடு, ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வாக்கு வரியையும் விதித்தது. கட்டாத ஆண்டுகளின் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். கறுப்பின மக்களைத் தடுக்கப் போட்ட வேலி வெள்ளையின ஏழைகளையும் வெளியே நிறுத்தியது.

1931இல் டாலபூசா கவுண்டியில் கம்யூனிஸ்டுகளின் துணையோடு தோன்றிய சங்கம் கேட்டவை என்ன? உணவுக் கடனை நடுப்பருவத்தில் நிறுத்தக் கூடாது. விளைந்த பருத்தியைத் தாங்களே விற்கும் உரிமை வேண்டும். வீட்டோரம் காய்கறி பயிரிடச் சிறு துண்டு நிலம், பருத்தி எடுப்போருக்குக் கூலி ரொக்கமாக, கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்பது மாதப் பள்ளி. 1928இல் கம்யூனிஸ்ட் அகிலம் தெற்கத்திய கறுப்பின மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை என்று தீர்மானித்தது. ஆனால் சங்கத்தின் பக்கம் குடும்பங்களைக் கொண்டுவந்தது, நிறுத்தப்பட்ட மாவு மூட்டைதான்.

இந்தச் சில்லறைக் கோரிக்கைகளுக்கே துப்பாக்கி பதில் சொன்னது. பொய்யான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் கறுப்பின இளைஞர் ஒன்பது பேர் சிக்கவைக்கப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் பற்றிப் பேச, அவ்வாண்டு ஜூலையில் கேம்ப் ஹில் அருகே சங்கத்தார் கூடினர். ஷெரிப்பின் கூட்டம் புகுந்தது. சங்கத் தலைவர் ரால்ப் கிரே கொல்லப்பட்டார். அவர் வீடு எரிக்கப்பட்டது. சங்கம் சாகவில்லை. கிரே குடும்பத்து இளம்பெண் யூலா சிதறியவர்களை ஒன்றுசேர்த்தார். அடுத்துச் செயலாளராக வந்த ஆல் மர்பி, ஆரவாரக் கூட்டங்களைத் தவிர்த்துச் சிறு குழுக்களாகக் கட்டினார். பெண்கள் தையல் வட்டம் என்ற பெயரில் கூடினர். ஞாயிறு வேதாகம வாசிப்பு என்ற போர்வையில் நடந்த கூட்டங்களின் குறிப்புகள், வேதாகமத்தின் சொற்களை அடிக்கோடிட்டே பதிவாயின. இரகசிய வேலைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கையேட்டிலும் இல்லை!

1932 டிசம்பரில் ரீல்டவுனில் கிளிஃபோர்ட் ஜேம்ஸின் மாடுகளையும் கழுதைகளையும் ஜப்தி செய்ய ஷெரிப்பின் ஆள் வந்தபோது, சங்கத்தார் வழிமறித்து நின்றனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. காயமுற்ற ஜேம்ஸ் சிறையில் மாண்டார்.

பின்னர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணம் வந்தது. 1933இல் விலையை உயர்த்துவதற்காக, நாடெங்கும் ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட பருத்தி உழுது அழிக்கப்பட்டது. நெய்தவனுக்குத் துணியில்லாத காலத்தில் பருத்தி "மிகை" ஆகியது. ஈட்டுத்தொகைக் காசோலை நிலவுடைமையாளர் பெயருக்கே சென்றது. சாகுபடிப் பரப்பு குறைந்ததால் வேண்டாதவர்களான வாரக்காரர்கள் வெளியேற்றப்பட்டனர். அரசு பணம் தருகிறதா என்பதோடு, அது யார் கைவழி செல்கிறது என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

1936இல் கட்சி இச்சங்கத்தைக் கலைத்தது. வாரக்காரர்கள் விவசாயிகள் சங்கத்துக்கும், கூலித் தொழிலாளர்கள் தனிச் சங்கத்துக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். பாசிசத்துக்கு எதிரான மக்கள் முன்னணிக்காலம். வெள்ளையின ஏழை விவசாயியை விலக்கி வைத்து எதையும் வெல்ல முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. 1935 பருத்தி வேலைநிறுத்தத்தில் சிந்திய இரத்தமும் தலைமையின் மனத்தில் இருந்திருக்கும். ஆயினும் முடிவு தவறானதே. பரந்த அணியில் ஓர் அங்கமாக அச்சங்கம் தன் பெயரோடு நின்றிருக்க முடியும். கடைக்கோடியில் இருந்தவன் உயிர் கொடுத்துக் கட்டிய வீட்டை, இன்னும் வந்து சேராத விருந்தாளிக்காக இடித்தது போலாயிற்று. எதிர்பார்த்த அளவில் வெள்ளையின விவசாயிகளும் வரவில்லை.

ரீல்டவுனில் ஜேம்ஸுக்காக நின்றவர்களில் ஒருவர் நெட் காப். எழுத்தறியாத அவர் சங்கத்தாரின் பெயர்களைச் சொல்ல மறுத்து, ஏறத்தாழ 13 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அவர் வெளியே வந்த 1945இல், அவர் காக்க நின்ற சங்கம் கலைக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.