வரையப்படாத முகங்கள்

போரின் கொடுமையை அடுத்த தலைமுறைக்கு உணர்த்துவதில் அரும்பொருளகங்களுக்கும் ஓவியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆயினும், யாருடைய துன்பம் காட்டப்படுகிறது, யாருடைய துன்பம் விடுபட்டுப் போகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

சயாம் மரண ரயில் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் 1942, 1943ஆம் ஆண்டுகளில் இப்பாதையை அமைத்தது. இதன் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். அங்கு வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகளுள் ரொனால்ட் சியர்ல் என்ற பிரிட்டிஷ் ஓவியரும் ஒருவர். அவர் காவலர்களுக்குத் தெரியாமல் வரைந்தார். அந்த ஓவியங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் மறைத்து வைத்தார். எலும்பும் தோலுமாய் நின்ற கைதிகளை அவை இன்றும் கண்முன் நிறுத்துகின்றன. இறந்தோரின் எண்ணிக்கை மட்டும் இவ்வளவு ஆழமாக மனத்தைத் தொடாது.

ஆனால், அதே பாதையில் போர்க்கைதிகளைவிட மிக அதிகமான ஆசியத் தொழிலாளர்கள் உழைத்தனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். இறந்தவர்களிலும் இத்தொழிலாளர்களே அதிகம். காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தொழிலாளர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. அவர்களை வரைந்து வைத்தவர்களும் மிகச் சிலரே.

சான்று இல்லாததை எப்படிக் காட்சிக்கு வைப்பது என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். கற்பனையை உண்மைபோல் காட்டினால் அரும்பொருளகத்தின் மீதுள்ள நம்பிக்கை கெடும். எனினும், சான்று என்பது தாளில் மட்டும் இருப்பதன்று. உயிரோடு திரும்பியவர்கள் தம் பிள்ளைகளிடம் சொன்ன செய்திகளும் சான்றுகளே. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் வாய்மொழி வரலாறு முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. அத்தகைய குரல்களை ஓவியங்களுக்கு அருகில் ஒலிக்கச் செய்யலாம். குரலும் கிடைக்காத இடத்தில், “இவர்களும் இங்கு இருந்தார்கள், இவர்களை வரைய எவரும் இருக்கவில்லை” என்று எழுதி வைக்கலாம். அதுவும் ஓர் உண்மையான காட்சிதான்.

திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் இன்று முதுமையடைந்துவிட்டனர். அவர்களோடு அந்நினைவுகளும் மறைந்துவிடக் கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வைக்கும் ஒரு மாணவர், நாளைய அரும்பொருளகத்திற்குத் தேவையான ஒரு சான்றைக் காப்பாற்றியவர் ஆவார்.