சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள்

காய்ச்சல் வந்தால் இரண்டு பனடோல். அதற்கும் அடங்காவிட்டால் கொத்தமல்லி அவித்த தண்ணீர். மூன்றாம் நாளும் விடாவிட்டால் யோசிப்போம். எமது வீடுகளில் எழுதாமலே நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிறருடைய வயலில் நாட்கூலிக்கு நிற்கும் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. பஸ்ஸுக்கும் கைக்காசு வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒரு நாட்கூலி என்பது ஒரு நாட் சோறு. ஆயினும், வயலில் இறங்குபவருக்கு இந்தச் சட்டம் உயிராபத்தாக முடியலாம் என்பதே எனது கருத்து.

1990களில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் மலேரியாதான் நினைவுக்கு வரும். அந்தக் காலம் கடந்துவிட்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் காய்ச்சல் எம்மை விட்டுப் போகவில்லை. இன்று வளவுக்குள் டெங்கு, வயலுக்குள் எலிக்காய்ச்சல்.

எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் பக்றீரியா. எலியின் சிறுநீரகத்தில் இது குடியிருக்கும். எலிக்கு நோய் தெரியாது. மாடு, எருமை, நாய், பன்றி ஆகியவற்றிலும் இருக்கக்கூடும். அவற்றின் சிறுநீருடன் வெளியேறி, ஈரச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிருடன் கிடக்கும். காலில் உள்ள வெட்டுக்காயம், பித்தவெடிப்பு, நீரில் ஊறி மெலிந்த தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் புகும். நெடுங்காலம் பயிரிடாமல் பற்றை மண்டிக் கிடந்த காணியில் எலி பெருகியிருக்கும். அதைத் துப்புரவு செய்து முதற்போகம் விதைக்கும் குடும்பங்கள் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

கிருமி புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் நோய் வெளிப்படும். திடீரென்று கடுங்காய்ச்சல், தலையிடி, சத்தி. கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தொட முடியாத நோ. கண் பீளையின்றிச் சிவக்கும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். நாள் முழுவதும் குனிந்து களை பிடுங்கியவருக்குக் காலும் இடுப்பும் நோவது புதுமையா? வேலை அலுப்பு என்று எண்ணிப் படுத்துவிடுகிறோம். நோய் முற்றினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும்; சலம் குறையும்; மூச்சு முட்டும்; இருமினால் இரத்தம் வரும். சிறுநீரகமும் சுவாசப்பையும் பழுதுபடும் நிலை இது. இந்நிலையில் வந்தவர்களையும் வைத்தியர்கள் காப்பாற்றுகிறார்கள். ஆனால் எல்லோரையும் அல்ல.

முந்திப் போனவருக்கு வைத்தியம் எளிது. டொக்சிசைக்கிளின், பெனிசிலின் போன்ற நன்கறியப்பட்ட மருந்துகளே இதற்குப் போதும். முதல் வாரத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகலாம். ஆகவே அறிகுறிகளையும் நோயாளியின் தொழிலையும் வைத்தே வைத்தியர் மருந்தைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்தத் தொழிலை அவருக்கு யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். "ஐயா, பத்து நாளைக்கு முன் சேற்றில் இறங்கி வேலை செய்தேன்" என்ற ஒரு வசனம் ஒரு பரிசோதனைக்குச் சமம். வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளம். வைத்தியருக்கு எம்முடன் பேசக் கிடைப்பது சில நிமிடம். கேட்டால் சொல்வோம் என்றிருக்காமல் கேட்காமலே சொல்லுங்கள். அடிக்கடி இடம் மாறியவரின் பழைய கிளினிக் கொப்பி எங்கோ தவறியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு இந்த வசனம் இன்னும் முக்கியம்.

இதே சேற்றில் இன்னொரு நோயும் உண்டு. மெலியோய்டோசிஸ் என்பது அதன் பெயர். அரிதானது. மண்ணிலேயே வாழும் ஒரு பக்றீரியாவால் வருவது. நீரிழிவு உள்ளவர்களையே கூடுதலாகப் பிடிக்கும். விடாத காய்ச்சல், சளிச்சுரம், உடலின் உள்ளும் புறமும் சீழ்க்கட்டிகள் என்று பல வடிவில் வரும். சிலவேளை காசநோய் போலவும் தோன்றும். வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் இதற்குப் பலிக்கா. முதலில் நரம்பூசி மூலம் உரிய மருந்து, பின்னர் மூன்று மாதமளவு குளிசை. காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தியவருக்கு நோய் மீண்டும் வரக்கூடும். எனவே நீரிழிவு உள்ளவர் "எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, வயலிலும் வேலை செய்கிறேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காய்ச்சலுக்குப் பனடோல் எடுப்பதில் பிழையில்லை. அளவுக்கு மிஞ்சக் கூடாது. ஆனால் நோவுக்கென்று கடையில் வாங்கும் டைக்குளோபினாக், இபுபுறோபன், அஸ்பிரின் ஆகியவற்றைத் தொடாதீர்கள். டெங்குவானால் அவை இரத்தப் பெருக்கைக் கூட்டும்; எலிக்காய்ச்சலானால் சிறுநீரகத்துக்குக் கேடு.

வராமல் காக்கவும் வழி உண்டு. ஆபத்துள்ள காலத்தில் வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் கமக்காரருக்கு வழங்குகின்றன. சேற்றில் இறங்கும் முன்பே தொடங்க வேண்டும். சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது உகந்ததல்ல. அவர்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும். குளிசை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். சப்பாத்துப் போடுங்கள் என்கிறார்கள். முழங்கால் புதையும் சேற்றில் அது கழன்றுவிடும் என்பது எமக்குத் தெரியும். முடிந்த இடத்தில் போடுவோம். முடியாத இடத்தில் காயத்தையாவது மூடிக் கட்டுவோம். வாய்க்கால் நீரில் முகம் கழுவாதிருப்போம்.

பொறுப்பு எம்முடையது மட்டுமல்ல. 2008இல் இந்நோய் நாடெங்கும் பரவி, 7,000க்கு மேற்பட்டோருக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இனங்காணப்படாத காய்ச்சலாகத் தொடங்கிப் பல உயிர்களைப் பறித்ததும் எலிக்காய்ச்சலே. மரணம் வந்த பின் ஓடித்திரிந்து குளிசை கொடுப்பதைவிட, பெரும்போக விதைப்புக்கு முன்பே கொடுப்பது மேல். கமக்கார அமைப்பின் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக் கொடுத்தால், சொந்தக் காணியின்றிக் கூலிக்கு இறங்குபவர் விடுபட்டுப் போவார். சேற்றில் நிற்பவர் அவர்தான். காணி உறுதி உள்ளவருக்கல்ல, காலில் சேறு உள்ளவருக்கே குளிசை போய்ச் சேர வேண்டும். இதை அடுத்த கமக்காரர் கூட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறுவது எமது உரிமை.

ஒரு நாட்கூலியை இழக்க அஞ்சி ஒரு குடும்பம் தன் உழைப்பாளியையே இழக்கக் கூடாது. சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், மூன்றாம் நாளுக்காகக் காத்திராதீர்கள். அன்றே போங்கள். போனதும் சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள்.